வாழைக்காய் மாவில் ஒரு மேட்லின்

கோதுமை மாவு தன்னைக் கைவிடும் என்று கேக் அக்கா கனவிலும் நினைத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பேக்கரியில் மாவோடு மாவாகக் கிடந்தவள். புருஷனும் அங்கேதான் மாஸ்டர். ரொட்டி அவர் பொறுப்பு, கேக் இவள் பொறுப்பு. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று, அடுப்பு யாருக்கு முதலில் என்று சண்டை போட்டே காதலித்தவர்கள்.

முதலில் தும்மல் வந்தது. பிறகு விடாத இருமல். ஒருநாள் மாவு சலிக்கும்போது மூச்சு அடைத்து, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கோதுமை மாவுத் தூசி உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்கிறவரைப் போல.

அன்றோடு அவள் வீட்டோடு ஆனாள். மாஸ்டர் விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவார். வாசலை ஒட்டிய குளியலறையில் துணியைக் கழற்றி மூட்டை கட்டி, தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே வருவார். அப்படியும் காதோரத்திலோ நகக்கண்ணிலோ துளி மாவு தங்கிவிட்டால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அதனால் அவர் கூடத்தில் படுக்கத் தொடங்கினார்.

"அப்ப உங்க அப்பா குறுக்க நின்னாரு. இப்ப மாவு நிக்குது" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பகலைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டு டிவியைச் சுவர் வழியே கேட்டுக் கேட்டு, முகமே தெரியாத ஒரு மாமியார் மருமகள் சண்டை அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. கைகள் சும்மா இருக்க மாட்டோம் என்றன. வாழைக்காய் வாங்கிவந்து சீவினாள். பால்கனியில் மொறுமொறுவென்று காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்தாள். சாம்பல் பூத்த நிறத்தில் ஒரு மாவு. பயந்து பயந்து முகர்ந்து பார்த்தாள். மூச்சு அதுபாட்டுக்கு வந்து போனது.

மேட்லின் செய்யலாம் என்று தோன்றியது. டீயோடு சாப்பிடுகிற குட்டிப் பிரெஞ்சு கேக். ஒரு பக்கம் கிளிஞ்சலின் வரிகள், மறுபக்கம் திமில் போல ஒரு மேடு. அந்தத் திமிலில்தான் செய்தவரின் கௌரவமே இருக்கிறது. முட்டையும் சர்க்கரையும் அடித்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி, மாவைக் கலந்து, சின்னக் கிண்ணங்களில் சுட்டாள். செருப்பு போலத் தட்டையாக வந்தது.

மாஸ்டர் ஒன்றை எடுத்து வெகுநேரம் மென்றார். "ருசி நல்லாத்தான் இருக்கு..."

"இழுக்காதீங்க மாஸ்டர். பட்டுனு சொல்லுங்க."

"திமில் வரல. கடையில கிளிஞ்சல் தட்டு ஒண்ணு சும்மாதான் கிடக்கு. கழுவிக் கொண்டு வர்றேன்."

சொன்னபடி மறுநாள் கொண்டுவந்தார். வெந்நீரில் தேய்தேய் என்று தேய்த்ததாகச் சத்தியம் பண்ணிவிட்டு, அதை வாசலில் வைத்துக் குளிக்கப் போனார். அவளுக்கு ஆசை தாங்கவில்லை. எடுத்து வரிகளைக் கட்டைவிரலால் வருடினாள். முகத்தருகே கொண்டுபோனாள். தட்டின் மடிந்த விளிம்புக்குள் ஒளிந்திருந்த பழைய மாவு பொலபொலவென்று உதிர்ந்தது.

நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருந்தது. தட்டு கீழே விழுந்த சத்தத்தில் மாஸ்டர் கதவைத் திறந்தார். இன்னும் பேக்கரிச் சட்டையோடுதான் இருந்தார். ஓடிவரக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். உடம்பெல்லாம் மாவு. கிட்டே வந்து தூக்கினால் அவளுக்கு இன்னும் மோசமாகிவிடும்.

"இன்ஹேலர் ஃபிரிட்ஜ் மேல இருக்கு! மெதுவா போம்மா... சுவரைப் பிடிச்சுக்கோ... அவசரப்படாத..."

அவள் சமையலறைக்குத் தவழ்ந்து, எழுந்து, எடுத்து உறிஞ்சினாள். மூச்சு திரும்பியபோது நிமிர்ந்து பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நடுவே ஒரு கூடம்தான் இருந்தது. அதைக் கடக்க இருவராலும் முடியவில்லை.

"நான் வேலைய விட்டுடறேன்."

"விட்டுட்டு? ரெண்டு பேருமா உக்காந்து பக்கத்து வீட்டு டிவி கேக்கவா? போய்க் குளிங்க முதல்ல."

தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கிளிஞ்சல் இல்லாவிட்டால் போகிறது என்று பழைய கிண்ணங்களுக்கே திரும்பினாள். கலவையில் ஒரு முட்டை கூட்டினாள், கொஞ்சம் உருளைக்கிழங்கு மாவு சேர்த்தாள், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் குளிரவிட்டாள். மாஸ்டரின் லீவு நாளில், நன்றாகக் காய்ந்த அடுப்பில் அதை வைத்தாள். இருவரும் அடுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் குனிந்து நின்றார்கள். ஓரம் வெந்தது. நடுப்பகுதி நடுங்கியது. பிறகு மெல்ல, வேண்டா வெறுப்பாக எழும்புவதுபோல், திமில் எழும்பியது.

"வந்துடுச்சுடி!" என்றார் மாஸ்டர். வேலை மேஜையில் அடுப்புக்குச் சண்டை போட்ட காலத்துக்குப் பிறகு அவர் 'டி' போட்டது அன்றுதான்.

மறுநாள் ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினாள். காலையில் போன் வந்தது. ஸ்பீக்கரில் பேக்கரியே பேசியது.

"அக்கா, நிஜமா வாழைக்காயா? கதை விடாதீங்க!"

"நீங்க போனதுலேருந்து ஐசிங் எல்லாம் கோணல்மாணலா வருதுக்கா. கிரீம்ல என்ன தப்பு பண்றோம்?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அடுப்பு மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. தட்டுகளை இழுக்கும் சத்தம், மாஸ்டரின் அதட்டல், யாரோ சூடு பட்டு "ஐயோ" என்றது, அப்புறம் ஏதோ ஒரு கேலிக்கு மொத்தக் கூட்டமும் சிரித்தது.

என்ன கேலி என்று அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் கூடவே சிரித்தாள். கிரீம் குளிர்ந்த பிறகுதான் சர்க்கரை போட வேண்டும் என்று போனைப் பார்த்துச் சொன்னாள். யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவளே அணைத்தாள்.