அறுநூறு வாக்கியங்கள்

அத்தானின் தொண்டையில் கத்தி வைப்பதற்கு முன் எங்களுக்குப் பதினோரு நாள் கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பதினோரு நாளும் அத்தான் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிந்தார். அவற்றை வைத்து அவர் குரலிலேயே பேசும் புரோகிராம் ஒன்றைச் செய்துவிடலாம். எங்களுக்கெல்லாம் அவர் எழுதிக் காட்டினாலே போதும். நாலு வயது மகளுக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஆபரேஷன் முடிந்து அத்தான் வீடு திரும்பினார். அக்கா வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அந்த வேலைக்குத் திணறியது. "இதோட மூளை, ப்ராசசர மட்டும் மாத்திட்டா போதும் அத்தான், பறக்கும்" என்றேன். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் அத்தான் என்னைக் கேலியாக 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார். இப்போது கூப்பிட முடியாமல், "பாத்துடா இன்ஜினியர்" என்று நோட்டில் எழுதிக் காட்டினார்.

மாற்றினேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. ராம் மெமரியைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மதியம் வரை மல்லுக்கட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. போர்டை எழுப்பிவிடும் பயாஸ் என்ற புரோகிராம் பழசு. புது ப்ராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. கழற்றுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம். என்னை நானே திட்டிக்கொண்டு பழைய ப்ராசசரைத் திரும்ப மாட்டினேன். பையில் கிடந்த பென்டிரைவை அழித்து, புது பயாஸை அதில் போட்டு, போர்டில் ஏற்றினேன். மறுபடி புது ப்ராசசர்.

திரை வந்தது. அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். ப்ராசசர் மாறியிருக்கிறது, பழைய பாதுகாப்புச் சாவிகளை அழித்துவிடலாமா என்று திரை கேட்டது. கடையில் நூறு தடவை பார்த்த கேள்வி. படித்து முடிக்கும் பொறுமைகூட இல்லாமல் 'ஆம்' என்று தட்டினேன்.

அடுத்து ஒரு நீலத் திரை வந்து நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது.

பதிவுகள் வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாதென்று அந்த ஹார்ட் டிஸ்கைப் பூட்டி வைத்தவனே நான்தான். அதைத் திறக்கும் சாவியைத்தான் இப்போது அழித்திருக்கிறேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பழைய ப்ராசசரை மாட்டியிருந்தால் தானாகத் திறந்திருக்கும். சாவி போனால் திறப்பதற்கான அந்த எண்ணை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தேன். பயாஸுக்காக நான் அழித்தது அதே பென்டிரைவைத்தான். 'காப்பி எடுக்காதவர்கள் கடையில் வந்து அழ வேண்டாம்' என்று பலகை மாட்டியிருக்கும் மகா புத்திசாலி, அறுநூறு வாக்கியங்களுக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

கடையில் வைத்துப் பார்க்கிறேன் என்று அக்காவிடம் சொல்லி எல்லாவற்றையும் தூக்கிவந்து, அழிந்ததை மீட்கும் புரோகிராம்கள் அத்தனையையும் ஓட்டிப் பார்த்தேன். தொழிலில் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். நாலாம் நாள் காலை அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"திரும்பப் பேசச் சொல்லவும் முடியாதேடா" என்று ஆரம்பித்த அக்கா, அத்தானைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதினார். கைதட்டி மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டு, நோட்டை என் கையில் கொடுத்து, அவளுக்குப் படித்துக் காட்டும்படி சைகை செய்தார்.

'பாப்பா, அப்பா குரல் இனிமே வராது. மாமா மேல தப்பு இல்ல.'

முதல் வரியை எப்படியோ படித்துவிட்டேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன எழுதிருக்கு?"

"மாமாதான் தொலைச்சிட்டான்னு எழுதிருக்கு" என்றேன்.

அத்தான் மேசையில் ஓங்கித் தட்டினார். தலையை ஆட்டினார். இரண்டாவது வரியில் விரலை வைத்து அழுத்தினார். உதடுகள் அசைந்தன, கழுத்தில் போட்டிருந்த துளை வழியே காற்று மட்டும் வந்தது.

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா அப்படி எழுதலையாம்" என்றாள். "சரியாப் படி மாமா."