கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன்

எனக்குக் கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் ஓர் இடத்தில நிக்க வராது, நடப்பேன். அன்னைக்குக் காலையில பல் டாக்டரோட க்ளினிக் வராந்தாவில அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். மூணாவது மாடி. உள்ளே அவரோட பழைய நாற்காலி, வாயைப் பொளந்துக்கிட்டு நாம சாஞ்சு படுப்போமே, அது. அடிப்பாகம் முழுக்க இரும்பு. லிஃப்ட்டில நுழையல. படி வழியாத்தான் இறக்கணும். வீடு, ஆபீஸ் காலி பண்ணிக் கொடுக்கிறது எங்க கம்பெனியோட பொழப்பு. ஆளுங்களை வச்சு வேலை நடத்துற பொறுப்பு அன்னைக்குத்தான் முதல் தடவையா என் தலையில விழுந்திருந்துச்சு.

எனக்கு முன்னால இருந்த மேஸ்திரிக்கு நாங்க வச்ச பேரு 'உஷ்'. அவருக்குச் சட்டம் ஒண்ணுதான். பாரத்தைத் தூக்கிட்டா அவர் மட்டும்தான் பேசணும். மேல் படியில நின்னுக்கிட்டு "இடது... நில்... இறக்கு"ம்பாரு. மத்தவங்க மூச்சு விடலாம், அதுவும் சத்தமில்லாம. ஒரு நாள் ஈரப் படியில பீரோ இறக்கும்போது என் தம்பி கீழ்ப்பக்கம் பிடிச்சிருந்தான். கால் வழுக்குறது தெரிஞ்சும் வாயைத் திறக்கல. பீரோ சரிஞ்சு கணுக்கால் நொறுங்கிப்போச்சு.

"ஏன்டா சொல்லல?"ன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன்.

"பேசக்கூடாதே அக்கா"ன்னான்.

எனக்கு அடிக்கணும் போல ஆத்திரம். அவனையா, உஷ்ஷையான்னு தெரியல. நேரா முதலாளியம்மாகிட்ட போய்க் கத்தினேன். விடாம தினமும் போய்க் கத்தினேன். தம்பி கால் தேறி வேலைக்குத் திரும்பின வாரம்தான் அவங்க மசிஞ்சாங்க. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே நீயே நடத்து"ன்னு சொல்லி, உஷ்ஷை குடோனுக்கு அனுப்பிட்டாங்க.

எல்லாருக்கும் சந்தோஷம், தம்பி பொண்டாட்டி மட்டும் சிரிக்கல. "அண்ணி, அந்த ஆள் நடத்தி இவர் கால் போச்சு. இப்ப நீங்க. எனக்கு இவர் முழுசா வீட்டுக்கு வரணும்"னா. சரின்னுட்டேன். சொல்லிட்டேனே தவிர, அன்னைக்கு ராத்திரி முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

அதனால க்ளினிக்கில எல்லாரையும் சுத்தி உட்கார வச்சேன். "எவனும் வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாது. தோணுறதைச் சொல்லுங்க"ன்னேன். சாய்மானத்தைத் தனியா கழட்டிடலாம்னார் எங்க லாரி டிரைவர் அண்ணன். படித் திருப்பத்துச் சுவர் இடிபடாம கம்பளி கட்டலாம்னான் எங்க உயரமான பையன் நெட்டை. ரெண்டும் நல்ல யோசனை. உஷ் இருந்தா இது நடக்குமான்னு எனக்கு ஒரே பெருமை. கீழ்ப்பக்கம் யாருன்னு பேச்சு வந்துச்சு. தம்பி வேண்டாம்னு முந்திக்கிட்டேன். ஆனா திருப்பத்தில மேல்தளம் தாழ்வு, பின்பக்கமா இறங்கினா நெட்டைக்குத் தலை இடிக்கும். டிரைவர் அண்ணனுக்கு இடுப்பு ஆகாது, நாற்காலியில கட்டின வாரை மேலேருந்து இழுத்துப் பிடிக்கத்தான் முடியும்.

"அக்கா, எல்லாரும் சொல்லலாம்னுதானே சொன்னே? நான் பிடிக்கிறேன்"னான் தம்பி. என் வாயாலேயே மாட்டிக்கிட்டேன்.

முதல் வளைவு ஒழுங்காத்தான் போச்சு. அடுத்ததுல நாற்காலியோட இரும்புக்கால் படிக்கட்டுக் கைப்பிடியில மாட்டிக்கிச்சு. உடனே எல்லாரும் வாயைத் திறந்தாங்க. நான்தானே திறக்கச் சொன்னேன்!

"இடது பக்கம் தள்ளு!"

"உன் இடதா, என் இடதா?"

"தூக்குடா!"

"யோவ், இறக்குய்யா!"

அதுக்கு நடுவில நானும், "என்ன பண்ணலாம், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்குறேன். பாரம் ஆளுங்க தோளில இருக்கும்போது ஓட்டெடுப்பு நடத்தின அறிவாளி உலகத்திலேயே நான் ஒருத்திதான். நாற்காலி கீழ்ப்பக்கம் சாஞ்சுச்சு. தம்பி என்னமோ சொன்னான், இரைச்சலில காதில விழல.

"யாரும் பேசக்கூடாது!"ன்னு கத்தினேன்.

படிக்கட்டே அடங்கிப்போச்சு. கத்தினது நான், குரல் உஷ்ஷோடது. அப்பத்தான் கவனிச்சேன், நான் நிக்கிறதும் மேல் படியில. அங்கேருந்து தம்பியோட உச்சந்தலை மட்டும் தெரியுது. கால் தெரியல. 'இறக்கு'ங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. தம்பி வாயை இறுக்கி மூடிக்கிட்டான், நல்ல பிள்ளையாட்டம். அன்னைக்குப் பீரோ இறக்கும்போதும் இப்படித்தான் மூடியிருப்பான்.

"தம்பி, நீ சொல்லு. நீ மட்டும். நான் உள்பட எல்லாரும் கேக்குறோம்."

நிஜமாவான்னு அவன் அண்ணாந்து பார்த்தான்.

"சொல்லித் தொலைடா!"

"இறக்காதீங்க"ன்னான். "என் கால் பாதிதான் படியில இருக்கு."

நான் அந்த 'இறக்கு'வை அப்படியே முழுங்கினேன்.

தம்பி ஆரம்பிச்சான்: "அண்ணே, வாரை இழுத்துப் பிடிங்க, விடவே கூடாது. நெட்டை, உன் பக்கம் மட்டும் தூக்கு. இன்னும். நில்லு. நான் காலை மாத்திக்கிறேன்." அவன் குரல் ஏற ஏற மத்த ரெண்டு பேரும் சொன்னபடி செஞ்சாங்க. இரும்புக்கால் கைப்பிடியை விட்டு வந்துச்சு. எனக்கு இருப்புக்கொள்ளல.

"மெதுவாடா, அந்தச் சுவர்ல—"

"அக்கா, வாயை மூடு!"

மூடினேன். பெத்தவங்க சொல்லியும், கட்டினவர் சொல்லியும் மூடாத வாய். ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, அவன் சொல்லுக்குச் சொல் ஒவ்வொரு படியா அவங்க பின்னாலேயே இறங்கினேன்.

நாற்காலியைத் தெருவில வச்சதும் தம்பி அதுலேயே உட்கார்ந்துட்டான். அடிபட்ட அந்தக் காலை நீட்டிக்கிட்டான். கால் முழுசா இருந்துச்சு. நான் லாரிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். கை இன்னும் வாயிலதான்.

"அக்கா, இறக்கியாச்சு. இப்பப் பேசலாம்"னான்.

அவன் காலடியில அப்படியே உட்கார்ந்து, அந்தக் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.