ஆளே இல்லாத பதினாலு கிலோமீட்டர்

நான் பல்செட் செய்கிறவன். இருபத்திரண்டு வருடமாக ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜன்னலே திறக்க முடியாத அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வாயின் அச்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் வேகும் வாடை சட்டையில், தலைமுடியில், சாப்பாட்டு டப்பாவில்கூட ஒட்டியிருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடிவிடுவேன். தார் ரோடு எனக்கு ஆகாது. தடித்த டயர் போட்ட சைக்கிளில், சரளைக்கல் கரகரவென்று நொறுங்க, காட்டுக்கும் வயலுக்கும் நடுவே போக வேண்டும்.

எங்கள் சைக்கிள் குழுவில் எனக்குப் 'பல்லு' என்று பெயர். பாதை கண்டுபிடிப்பதில் பல்லுவை அடிக்க ஆளில்லை என்பார்கள். அந்தப் பெருமையில்தான் இந்த அசிங்கமே ஆரம்பித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பாதை கிடைத்தது. பழைய கல்குவாரியைத் தாண்டி, மரங்களுக்குள் புகுந்து, ஆடு மேயும் மேட்டு நிலத்தைச் சுற்றி வரும் சரளை ரோடு. ஓட்டிப் பார்த்து, போனில் கோடாகப் பதிவு செய்து, பாதைகளைப் பகிர்கிற ஆப்பில் போட்டேன். எங்கே பள்ளம், எங்கே திருப்பம் எல்லாம் எழுதினேன். மேலே இப்படி ஒரு வரி: 'ஆளே இல்லாத பதினாலு கிலோமீட்டர். வீடு இல்லை, வண்டி இல்லை, கேட்பார் இல்லை. நிம்மதி.'

முந்நூறு பேருக்கு மேல் அதை இறக்கிக்கொண்டார்கள். இந்த வருடம் போட்டோ இல்லாத ஓர் ஆள் அஞ்சு ஸ்டார் போட்டு எழுதியிருந்தான்: 'ரொம்ப நல்ல ரூட். சொன்ன மாதிரியே ஈ காக்கா இல்ல. திருப்புறதுக்கும் தாராளமா இடம் இருக்கு. வாரம் ரெண்டு தடவ வர்றேன்.'

அதை என் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"சைக்கிளத் திருப்ப தாராளமா இடம் எதுக்கு? கப்பலா ஓட்டுறான்?"

"புதுசா ஓட்டுறவனா இருப்பான்டி."

"இருப்பான், இருப்பான்."

அதற்கடுத்த மாதம் மச்சானோடு போனேன். மச்சான் என்றால் அவள் தம்பி, சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஒன்பதாவது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால், மரநிழலில் ரோடு ஈரமாக இருந்தது. மழையே பெய்யவில்லை. ஊற்று ஏதாவது கசிகிறதாக்கும் என்று வேகமாக விட்டேன். முன்சக்கரம் வாரி அடித்தது. முழங்கால், சட்டை, சைக்கிள் சட்டத்தில் செருகியிருந்த தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் சேறு. மேட்டில் மூச்சு வாங்கியது. பாட்டிலை எடுத்து வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். இழுத்த பிறகுதான் மூக்குக்கு உறைத்தது.

பின்னால் வந்த மச்சான் கத்தினான்.

"மாமா! துப்புங்க! அது சேறு இல்ல மாமா, துப்புங்க!"

துப்பினேன். பிறகு காலையில் சாப்பிட்டது முழுக்க வந்தது. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ வாய்களின் நாற்றத்தைப் பார்த்தவன் நான். இது வேறு. பள்ளத்தில் அது குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. மேலே நுரை, பழுத்த தாள், நாப்கின், நெளிகிற வெள்ளைப் புழு. அதன் மேல் பச்சை ஈக்கள் போர்வை மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தன. யாரோ செப்டிக் டேங்க் லாரியைக் கொண்டுவந்து கவிழ்த்திருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அந்த இடத்துக்குக் கீழே நூறடியில் ஒரு வீடு. அதில் ஆடு வளர்க்கும் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். வாசலில் அடிபம்பு. வெயில் காலத்தில் எத்தனையோ தடவை அங்கே பாட்டில் நிரப்பியிருக்கிறேன், அக்கா நீட்டிய டம்ளரில் குடித்திருக்கிறேன். வாய் கொப்பளிக்க ஓடிப்போய்ப் பம்பில் கை வைத்தேன்.

"அதுல கை வைக்காதீங்க தம்பி!" என்று உள்ளேயிருந்து வந்தார். "மூணு வாரமா அந்தத் தண்ணி சாக்கடையா வருது. ரெண்டு குட்டி செத்துப் போச்சு. நான் ரெண்டு மைல் தள்ளிப் போய் நல்ல தண்ணி பிடிச்சு வண்டியில வச்சுத் தள்ளிட்டு வர்றேன்."

ஒரு கேனிலிருந்து அளந்து ஒரு டம்ளர் தந்தார். அதில் வாய் கொப்பளிக்க எனக்குக் கூசியது.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். வண்டி நம்பர் கொண்டாங்கறான். செவ்வாயும் வெள்ளியும் நான் ஆட்ட அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போற நேரம் பாத்து ஊத்திட்டுப் போயிடுறான். நீங்கதானே தம்பி இந்த ரோட்டுல போறீங்க வர்றீங்க. யாருன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தண்ணி வேணும், வேற ஒண்ணும் வேணாம்."

திரும்பும்போது மச்சான் சொன்னான்: "பேசாம ரூட்ட ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே வலது பக்கம் வளைச்சு விட்ருங்க மாமா. குழுவுல யாருக்கும் தெரியக்கூட வேணாம்."

"அந்த அக்கா?"

"நாம என்ன முனிசிபாலிட்டியா?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. நான் செய்ததுதான் அது. கோழிப்பண்ணைக் கழிவு கொட்டும் இடம் வந்தால் கோட்டை வளைப்பேன். செத்த மாடு கிடந்தால் வளைப்பேன். குப்பை எரித்தால் வளைப்பேன். அப்படி வளைத்து வளைத்துத்தான் என் பாதைகள் அவ்வளவு அழகாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு லாரி வந்தது. அகலமான இடத்தில் நிதானமாகத் திருப்பி, பின்பக்கத்தைப் பள்ளத்தை நோக்கி நிறுத்தினான். டிரைவர் சீட்டி அடித்துக்கொண்டே இறங்கி, கையுறை மாட்டிக் குழாயை இழுத்தான். அது குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்தது. நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு எதிரே போனேன்.

அவன் பயப்படவே இல்லை. "சைக்கிள் சாரா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்."

"ஏங்க, இந்த வழி உங்களுக்கு யாரு சொன்னா?"

"இதுலதான் சார்" என்று கேபினைக் காட்டினான். ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த போனில் ஒரு நீலக் கோடு. குவாரி, மரம், மேடு. என் கோடு. "பல்லுன்னு ஒரு ஆளு போட்டிருக்காரு. நல்லா இருக்கணும் அந்த மனுஷன். முன்ன வேற பக்கம் போயி அடி வாங்காத குறை. இதுல கண்ண மூடிட்டு வரலாம். அஞ்சு ஸ்டார் போட்டேன் சார்."

"நான்தான் அது." எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை.

"நீங்களா!" அவன் முகம் மலர்ந்தது. கையுறையைக் கழற்றி, பேண்ட்டில் துடைத்து, கையை நீட்டினான். "கை குடுங்க சார்!"

நான் இரண்டு அடி பின்னால் போனேன். "யோவ், கீழ ஒரு அம்மா இருக்காங்க. இது அவங்க குடிக்கிற தண்ணியில போகுது."

அவன் நிஜமாகவே குழம்பினான். "வீடு இல்லன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

நம்பர் போட்டோ என்னிடம் இருக்கிறது என்றதும்தான் முகம் மாறியது. குழாயைச் சுருட்டி எறிந்துவிட்டு ஏறிப் போனான். நான் மறுபடியும் வாந்தி எடுத்தேன்.

அக்கா ஆடுகளோடு திரும்பும்வரை வாசலில் நின்றேன். போட்டோவைக் காட்டினேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். ஆப், கோடு, நான் எழுதிய வரி. அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக் கேட்டார்:

"ஆளே இல்லன்னா எழுதுனீங்க?"

"ஆமாக்கா."

"ரெண்டு வருஷமா என் பம்புலதானே தம்பி தண்ணி குடிச்சீங்க. அப்ப நான் யாரு?"

அவர் சத்தம் போடவில்லை. ஆடுகளைப் பட்டியில் அடைக்கப் போய்விட்டார். என் மேலேயே எனக்கு வந்த அந்தக் குமட்டல் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

பாதையை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இறக்கியவர்கள் போனில் அது இருந்துகொண்டுதான் இருக்கும். அதனால் கோட்டை விட்டுவிட்டு வரியை மாற்றினேன்: 'ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு வீடு இருக்கிறது. ஓர் அக்கா இருக்கிறார். நாங்களும் இருக்கிறோம். செவ்வாய், வெள்ளி மூன்று மணிக்குக் கண்டிப்பாக இருக்கிறோம்.' பள்ளத்தின் போட்டோவையும் லாரி நம்பரையும் கீழே போட்டேன். ஆபீஸிலும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கு மச்சான் கடையை மூடிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறான், வெள்ளிக்கு நான்.

லாரி வரவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் போட்டோ இல்லாத ஆள் அஞ்சு ஸ்டாரை அழித்து ஒரு ஸ்டார் ஆக்கியிருந்தான். 'முன்ன மாதிரி இல்ல. இப்ப ஆள் இருக்கு.'

மனைவியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத ஃபிரேம் போட்டு மாட்டு" என்றாள்.

பம்பில் இன்னும் அந்த நாற்றம் வருகிறது. ஒரு மழைக்காலமாவது போக வேண்டும் என்கிறார்கள். ஞாயிறுதோறும் சைக்கிளின் பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போகிறேன். சரளையில் கேன் ஆடி ஆடிச் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கிறது. அக்கா வாங்கிக்கொள்கிறார். எனக்கு மட்டும் இப்போதெல்லாம் டம்ளர் நீட்டுவதில்லை.