பாறைமேல் மச்சான்

"கைய ஆட்டாதடா!" என்று கத்தினார் புகைப்படக்காரர். எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை அவர் வாய்க்குள்ளேயே திருப்பி அடைத்தது.

கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்குள் நின்ற பாறையின் உச்சியில், அவர் மனைவியின் தம்பி நின்றிருந்தான். ஆள் ஒருத்தன் நின்றால்தான் பாறையின் உயரம் படத்தில் தெரியும் என்பது அவர் கணக்கு. மணல்திட்டு வழியாகக் கால் நனையாமல் நடந்துபோனவன், கிளம்பும்போதும் வாயை மூடவில்லை.

"மாமா, எனக்குத் தண்ணின்னா பக்கெட் தண்ணிதான் தெரியும். ஏதாவது ஆச்சு, அக்கா உங்க தோல உரிச்சிடுவா."

"கல்யாண வீட்ல குரூப் போட்டோ எடுக்கறப்ப பின்னாடி நின்னு கொம்பு வெப்பியே, அந்த வேலை இங்க வேணாம் மாப்ளே. செலை மாதிரி நிக்கணும்."

லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடியைச் செருகி, ஷட்டரை வெகுநேரம் திறந்து வைப்பது அவர் பாணி. அலைகள் ஒன்றின்மேல் ஒன்று கரைந்து கடல் பனிமூட்டம்போல் ஆகிவிடும். அசையாத பாறை மட்டும் கூர்மையாக நிற்கும். சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டது. இன்னொரு படத்துக்கு வெளிச்சம் இருக்காது. இந்த நேரம் பார்த்துத்தான் அவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தான். கோமாளிப்பயல். பல்லைக் கடித்துக்கொண்டு, ஷட்டர் மூடும்வரை கேமராவையே பார்த்தபடி இருந்தார்.

திரையில் படம் வந்தது. இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். செம்பு நிறத்தில் பாறை, பாலாடை விரித்ததுபோல் அலையே இல்லாத கடல். உச்சியில் அவன் உடம்பு தெளிவாக விழுந்திருந்தது; வீசிய கைகள் பதியவே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. படத்தைப் பெரிதாக்கி, விரலால் கீழே நகர்த்தினார். மணல்திட்டு இருக்கவேண்டிய இடத்திலும் பாலாடைதான்.

நிமிர்ந்தார். பாறையின் பாதிவரை நுரை வெடித்துச் சிதறியது.

"மாமா!"

இப்போது கேட்டது.

"குனிஞ்சு பாறைய புடிச்சுக்கோ! வரேன்!"

கயிறு எதுவும் இல்லை. மூன்றுகால் ஸ்டாண்டைக் கேமராவோடு பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பு. மார்பு. அடுத்த அலை அவரைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தது. அவன் விளிம்புவரை சறுக்கி வந்து, குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். அவர் ஸ்டாண்டின் கால்களை அவன் பக்கம் உயர்த்தினார்.

"கேமரா நனையுது மாமா!"

"அது கெடக்கு, புடிடா!"

அவன் விரல்களுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது. காலால் துழாவினார், மணல் தட்டுப்படவில்லை. அவர் பிடிக்குள், தண்ணீருக்கடியில், திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அலையே இல்லாத கடலோடு.