நூறாவது பாயிண்ட்

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் அணியின் நூறாவது பாயிண்டைப் போடுகிறவன் மற்றவர்களுக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். இதைத் தொடங்கிவைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். ஒரு பெட்டி பீருக்காக ஐரோப்பியக் கோப்பையைக் கோட்டைவிட்ட ஊர் சாவா ஆற்றங்கரையில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

நான் யாத்ராங்கா, கூடைப்பந்து அணியின் பிசியோ. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, பிடித்துக்கொண்ட முதுகை நீவிவிடுவது, புத்தி பிசகியவனைத் திட்டுவது எல்லாம் என் வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதுதான் அதிகம்.

கேப்டன் ஓக்னியெனுக்கு முப்பத்தெட்டு வயது. அவனுடைய வலது முட்டியை டாக்டர்கள் அறுத்துத் தைத்ததற்குக் கணக்கில்லை. இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள் என்று சொல்லியும்விட்டார்கள். அரும்பு மீசைக் காலத்திலிருந்து ஆடுகிறான், ஒரு கோப்பையைக்கூடத் தூக்கியதில்லை. இறுதிப் போட்டிக்கு வந்த அன்று என்னிடம் சொன்னான்: "அக்கா, இந்த முட்டி இன்னும் ரெண்டே ஆட்டம் தாங்கட்டும். அப்புறம் அதை நாய்க்குப் போட்டாலும் சரி."

இரண்டு ஆட்டம்தான். முதலாவது எங்கள் ஊரில், அடுத்தது ஜெர்மனியில், எதிரணியின் ஊரில். இரண்டிலும் சேர்த்து யார் அதிக பாயிண்ட் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. இங்கே எத்தனை பாயிண்ட் அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவும் அங்கே நமக்குக் கைகொடுக்கும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

முதல் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் பேயாட்டம் ஆடினார்கள். கடைசி நிமிடத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு எண்பத்தாறு. பதின்மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தோம். உடனே அரங்கமே எழுந்து நின்று வுகாஷின் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது.

வுகாஷின் எங்கள் அணியிலேயே உயரமானவன். ஊரிலேயே பெரிய கருமி. எங்களிடம் வந்து எத்தனையோ வருடமாகிறது, நூறாவது பாயிண்டை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. தொண்ணூற்றெட்டு ஆனதுமே அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வெளியே வந்து உட்கார்ந்துவிடுவான். அவன் பையில் கை விட வைக்க வேண்டும் என்பது மற்றவர்களின் வெகுநாள் ஆசை. அன்று அவன் கெண்டைக்காலைப் பிடித்துக் காட்டியும் பயிற்சியாளர் வெளியே எடுக்கவில்லை.

பந்து ஓக்னியென் கையில் இருந்தது. அவனை மறிக்க ஒருவரும் இல்லை. அப்படியே போட்டிருக்கலாம். போட்டானா? பல்லை இளித்துக்கொண்டு, கூடைக்குக் கீழே நின்ற வுகாஷினிடம் எறிந்தான். அவன் சுடுசட்டியைத் தொட்டவன்போல் திருப்பி எறிந்தான். மறுபடி அவனிடம், மறுபடி இவனிடம். அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பயிற்சியாளர் திஹோமிர் தொண்டை கிழியக் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. எவனாவது போட்டுத் தொலைங்கடா என்றார்.

இடையில் புகுந்த ஒரு ஜெர்மன்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, தூரத்து வளைகோட்டுக்கு வெளியே நின்றே மூன்று பாயிண்ட் போட்டான். அப்போதாவது உறைத்ததா? அடுத்த பந்தையும் வுகாஷினிடமே கொடுத்தார்கள். அதுவும் பறிபோய் இன்னும் இரண்டு பாயிண்ட். பதின்மூன்று எட்டானதும் ஆட்டம் முடிந்தது.

உடைமாற்றும் அறையில் ஒரே பாட்டும் கூத்தும்.

"அஞ்சு பாயிண்ட்டத் தூக்கிக் குடுத்துட்டு என்னடா இளிப்பு வேண்டிக்கெடக்கு?" என்றேன்.

ஓக்னியென் என் தோளில் கை போட்டான். "விடுங்கக்கா. எட்டு இருக்குல்ல? தாராளம்."

ஜெர்மனியில் அந்தத் தாராளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசி நொடிகளில் தொண்ணூற்றெட்டுக்குத் தொண்ணூற்றொன்று, ஏழு பாயிண்ட் பின்னால் இருந்தோம். இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் இன்னும் ஒரு பாயிண்ட் எங்களுக்குத்தான் அதிகம். பந்து அவர்களிடம் இருந்தது. யான்னெஸ் என்ற நெட்டைப் பையன் கூடையை நோக்கித் திரும்பினான். அவனை மறித்து நின்றவன் ஓக்னியென். யான்னெஸ் எம்பினான். ஓக்னியெனும் எம்பப் பார்த்தான், முட்டி தூக்கவில்லை. பந்து உள்ளே விழுந்ததும் மணி அடித்தது.

அது அவர்களுடைய நூறாவது பாயிண்ட். ஐந்தை வாரிக் கொடுத்துவிட்டு ஒன்றில் தோற்றோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அழுகையும் கூடவே வந்தது.

உடைமாற்றும் அறையில் பையன்கள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டிக்கொண்டு அந்த யான்னெஸ் வந்தான், கையில் ஒரு பெட்டி பீர். எங்களுக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். அவர்கள் கிளப்பிலும் இதே வழக்கமாம். கீழே இருந்த கடையில் இரண்டு பெட்டி வாங்கினானாம். ஒன்று அவனுடைய ஆட்களுக்கு, இன்னொன்று நன்றாக ஆடிய எங்களுக்கு.

ஓக்னியென் தலையை நிமிர்த்தினான். "பந்தப் போடும்போது, அது நூறாவதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான் பையன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் எங்களைப் பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனான்.

பெட்டியை நோக்கி முதலில் நீண்ட கை யாருடையது? வுகாஷினுடையதுதான்.

"ஓசின்னா மட்டும் கை நீளுதோ? உன்னாலதானடா..." என்று ஆரம்பித்தேன். ஓக்னியென் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அவனத் திட்டாதீங்கக்கா. அவன் போடமாட்டான்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அவன்கிட்ட எறிஞ்சேன். ரெண்டு தடவையும்."

ஊர் போய்ச் சேரும்வரை திட்டுவதற்கு என்னிடம் சரக்கு இருந்தது. அதை மூட்டைகட்டி வைத்தேன். தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முட்டி வீங்கிக் கட்டு இறுகிப்போயிருந்தது. ஐஸ் வைத்துப் புதுக் கட்டுப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அவிழ்த்து மட்டும் விடுங்கக்கா," என்றான். "இனிமே அதுக்கு என்ன வேலை?"