கம்பத்துக்கு நேரே ஒரு புள்ளி

றேமண்ட் அண்ணையின் இழுவைப் படகில் ஒரு பேய் இருந்தது. பின்னால் பெரிய கப்பல் வந்தால் ரேடார் அலை படகின் முன்னாலுள்ள இரும்புக் கம்பத்தில் பட்டுத் தெறித்து அந்தக் கப்பலில் மோதித் திரும்பும். உடனே கம்பத்துக்கு நேரே, இல்லாத படகொன்று திரையில் புள்ளியாக நிற்கும். கொட்டாஞ்சேனைக்காரரான அண்ணை வருடக்கணக்காக அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பயம். ஒருநாள் உண்மையான தோணி அங்கே நின்றால்?

அலையை விழுங்கும் தகடு செய்து கம்பத்தைச் சுற்றிக் கட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இரத்மலானையில் என் இறப்பர் பட்டறை. திரவ இறப்பரில் இரும்புத்தூள் கலந்து உறைய வைத்தால், படும் அலையைத் தூள் வாங்கிச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். முதல் தகடு மண்ணைக் கவ்வியது. பேய் அசையவில்லை.

"விடுங்கோ சுதர்சினி தங்கச்சி, எனக்குப் பழகிட்டுது," என்றார் அண்ணை.

பழகியதுதானே வினை. கோபத்தோடு தகட்டை வெட்டிப் பார்த்தேன். உறைவதற்குள் தூள் முழுக்க அடியில் படிந்திருந்தது. மேலே வெறும் வெள்ளை இறப்பர். உறையும்வரை அச்சு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பட்டறையில் அதற்கு வழியில்லை. ஆனால் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கீழே முர்ஷித் நானாவின் கடையில் கோழியைக் கம்பியில் சுழற்றிச் சுடும் மெஷின் இருந்தது. காலையில் அது சும்மாதான் நிற்கும்.

"நெருப்பு வேணாமா?" என்றார் நானா.

"வேணாம் நானா, சுத்தினாக் காணும்."

"கஸ்டமர் பாத்தா என்னா நெனப்பாங்க," என்று முணுமுணுத்தபடி, மூடிய அச்சைக் கம்பியில் கட்டித் தந்தார். உறைந்ததும் ஓரத்தை வெட்டினேன். மேலிருந்து கீழ்வரை தூளின் ஒரே கறுப்பு.

தகட்டைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு நல்ல மழையில் புறப்பட்டோம். பின்னால் கப்பல் வந்தது. திரையில் பேய் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் ஒரு புள்ளி.

"பாத்தியளோ, எங்கட ஆள் வந்திட்டான்," என்று அவர் சிரித்தார். வேகத்தைக் குறைக்கவில்லை.

அந்தக் கறுப்பு ஓரத்தை நினைத்துக்கொண்டேன்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. அது பேயில்லை."

"தங்கச்சி, எத்தினை வருஷமாப் பாக்கிறன்."

"என்ர தகட்டில பிழை இல்லை. நிப்பாட்டுங்கோ."

என் முகத்தைப் பார்த்தவர் படகை நிறுத்தினார். மழைக்குள்ளிருந்து ஒரு தோணி தெரிந்தது. எஞ்சின் நின்றுபோன அதில் இரண்டு பேர் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

றேமண்ட் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இதுக்கு முதல் எத்தினை பேரைப் பேயெண்டு நினைச்சிருப்பன், தங்கச்சி?"