கந்தன் வண்டியில் ரெண்டு பல்

என் புத்தி என்றைக்கும் என் வாய்க்கு முன்னால் போனதில்லை. தென்னேரி ஏரியிலிருந்து தூக்கி வந்த காரைப் பிரித்துப் பார்த்த அன்றும் அப்படித்தான்.

"இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. டைமிங் சங்கிலி போட்டது போட்டபடி இருக்குது" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றவர் தையல்நாயகியம்மா. அந்தக் காரோடு ஏரிக்குள் போய்ச் செத்த கந்தன் அவருக்கு ஒரே பிள்ளை.

நிச்சயம் முறிந்த ஏக்கத்தில் பையன் வேண்டுமென்றே காரை ஏரிக்குள் விட்டுவிட்டான் என்று அவர்கள் தெருவில் ஏற்கெனவே பேச்சு. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு நான் அவல் அள்ளிக் கொடுத்தேன். மெக்கானிக்கே சொல்லிவிட்டான், வண்டி மேல் தப்பில்லை, அப்படியானால் வேறென்ன?

அந்தம்மா அழவில்லை.

"கோளாறு இல்லன்னா அத்த ஓட்டிக் காட்டுப்பா. நான் காதால கேக்கணும். எம்புள்ள தானா போனானா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

அந்தம்மா தறி நெய்கிறவர். அன்று அமாவாசை, தறிக்கு லீவு. அடுத்த அமாவாசைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷெட்டில் எனக்குக் கூட்டாளி கிறிஸ்டோபர். இரண்டு பேருமாக இன்ஜினைக் கழற்றி, ஏரிச் சேறு போக மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி வைத்தோம். புது கேஸ்கெட் வைத்து சிலிண்டர் ஹெட்டை உட்கார்த்தினோம். அதன் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம், இதில் மட்டும் கிடையாது.

பிறகு சங்கிலி. மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி உண்டு. புள்ளிகள் அதனதன் இடத்தில் நிற்கும்போது சங்கிலியை மாட்டி, தொய்வு வராமல் டென்ஷனரைத் தள்ளி நிறுத்த வேண்டும். ஒரு பல் தாண்டினால் இழுவை போகும். ரெண்டு பல் தாண்டினால் ஓடுகிற இன்ஜின் நடுரோட்டில் நின்றுவிடும். நாங்கள் மாட்டியது நேராக இருந்தது. மூடியை மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று ஷெட்டைப் பூட்டினோம்.

காலையில் வந்து பார்த்தால் மேல் சக்கரத்துப் புள்ளி ரெண்டு பல் பின்னால் நிற்கிறது.

"எவன்டா கைய வச்சது?"

"சாவி உங்கிட்டதானேண்ணா இருக்குது" என்றான் கிறிஸ்டோபர்.

சங்கிலியை விரலால் அழுத்தினேன். வீணைக் கம்பி மாதிரி விறைப்பு. தொய்வில்லாமல் சங்கிலி பல்லைத் தாண்டவே முடியாது. அதுவும் நிற்கிற இன்ஜினில். குனிந்தபோது குப்பென்று ஏரிச் சேற்று வாடை அடித்தது. அத்தனை கழுவிய இன்ஜினில் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய டென்ஷனர்தான் சனியன் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டி, புள்ளிகளை மறுபடி நேராக்கினேன். மறுநாள் காலையிலும் அதே ரெண்டு பல். ஒன்றுமில்லை, மூன்றுமில்லை.

கிறிஸ்டோபர் சிலுவை போட்டுக்கொண்டான். "வேணாம்ணா. அந்தம்மா கையக் கால புடிச்சி, வண்டிய எடுத்துக்கினு போகச் சொல்லிடலாம்."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று அமாவாசை வேறு. அந்தம்மா எந்த நேரமும் வந்து நிற்பார். ஸ்பேனரை எடுத்துக் கீழ் நட்டில் மாட்டினேன். டென்ஷனரைக் கழற்றவில்லை, ஒன்றுமில்லை. "செத்தும் உயிர வாங்குறியேடா" என்று கத்திக்கொண்டே பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்ஜினைப் பின்பக்கம் சுற்றக் கூடாது, சுற்றினால் சங்கிலி தொய்ந்து பல் தாண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

டக்.

புள்ளிகள் நேராக வந்து நின்றன. என் கை ஸ்பேனரிலேயே ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

கார் ஏரியிலிருந்து வந்த அன்று இன்ஜின் சேற்றில் இறுகிக் கிடந்தது. முன்பக்கம் அசையவில்லை. கொஞ்சம் பின்னால் அசைத்துவிடலாம் என்று இதே ஸ்பேனரைத்தான் போட்டேன். டக்கென்றது, இளகிவிட்டது. சேறு விட்டுக்கொண்டது என்று நினைத்தேன். அதன் பிறகுதான் மூடியைத் திறந்து புள்ளியைப் பார்த்தேன். தாண்டிக் கிடந்த சங்கிலியை என் கையாலேயே திரும்ப ஏற்றி வைத்துவிட்டு, போட்டது போட்டபடி இருக்கிறது என்று பெற்றவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தையல்நாயகியம்மா வந்தார். பூசி மெழுகாமல் சொன்னேன்.

"அவன் தானா போகலம்மா. சங்கிலி ரெண்டு பல் தாண்டிடுச்சி. ஏரிக்கரைத் திருப்பத்துல இன்ஜின் நின்னுடுச்சி. ஸ்டியரிங் கல்லா இறுகியிருக்கும், பிரேக்கும் புடிச்சிருக்காது. நான்தான் தெரியாம உளறிட்டேன்."

"இப்ப மட்டும் எப்படிப்பா தெரிஞ்சுது?"

"ரெண்டு நாளா காட்டிக்கினேதான்மா இருந்தான். எனக்குத்தான் புரியல."

அந்தம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "சரி, மாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் மூடியைப் போட்டோம். போடுவதற்கு முன் பத்துத் தடவையாவது புள்ளியைப் பார்த்திருப்பேன். அது நகரவில்லை. இன்ஜினைக் காரில் ஏற்றி, ஆயில் தண்ணி ஊற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு பிசிறு இல்லாத ஓட்டம். அந்தம்மா பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். நெடுநேரம் அப்படியே நின்றார். மறுபடியும் அந்தச் சேற்று வாடை வந்தது, இந்தத் தடவை என் பக்கத்திலேயே.

"போதும், நிறுத்துப்பா" என்றார் அந்தம்மா. "அவன் எறங்கட்டும்."

சாவியைத் திருப்பி நிறுத்தினேன். கதவை அகலத் திறந்துவிட்டு, நான் இறங்கி வழிவிட்டு நின்றேன்.